எங்கள் பின்கோடு 400017

என் மகள் முதன்முதலில் மனப்பாடம் செய்த ஆங்கில வாக்கியம் ஒரு பொய். "ஐ லிவ் இன் மாட்டுங்கா." கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் ஜூனியர் கேஜி சேர்க்கைக்காக, 2011-இல், நான்தான் அதை அவளுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அப்போது அவளுக்கு நாலு வயது நிறையவில்லை. நாங்கள் குடியிருந்தது தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில். இன்றும் அங்கே அதே கோலியில், அதாவது ஒற்றை அறை வீட்டில்தான், இருக்கிறோம்.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்தப் பள்ளி என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. தாராவிப் பிள்ளைகளைச் சேர்க்கமாட்டோம் என்று அங்கே யாரும் சொன்னதில்லை. சேர்ப்பீர்களா என்று நானும் கேட்டதில்லை. கேட்காமலே அவர்கள் மனதில் இருப்பது இன்னதென்று நானாக முடிவுகட்டி, அதற்குத் தக்க பொய்யோடு போய் நின்றேன்.

மாட்டுங்காவில் என் அக்கா இருந்தாள். அத்தானுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை, குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நாங்களும் அவர்களோடு அதே வீட்டில் இருப்பதாக அத்தானிடம் கைப்பட எழுதி வாங்கி, அவர்கள் கேஸ் புத்தகத்தின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். குவார்ட்டர்ஸில் இன்னொரு குடும்பத்தை வைத்திருப்பதாக எழுதிக் கொடுப்பது அவர் வேலைக்கே வினையாக முடியக்கூடியது. அது தெரிந்துதான் கேட்டேன். அக்கா அழுது சம்மதம் வாங்கித் தந்தாள். தாராவியின் பின்கோடு 400017, மாட்டுங்காவுக்கு 400019. விண்ணப்பத்தில் அந்தக் கடைசி இலக்கத்தை எழுதும்போது என் கை கொஞ்சமும் தயங்கவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லவேண்டும். கல்லூரி முடித்து வேலை கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன். கடைசியாக வீடு எங்கே என்றார்கள். தாராவி என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவைத்துவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்றார். எங்கள் பகுதியில் இது எல்லா வீட்டிலும் இருக்கிற கதை. அதனால்தான் தாராவிக்காரர்கள் வெளியே கேட்டால் சயான் என்பார்கள், மாஹிம் என்பார்கள். 'நாயகன்' படம் வந்த 1987-க்குப் பிறகு தாராவித் தமிழன் என்றாலே ஊரார் கண்ணுக்குக் கடத்தல்காரனாகத் தெரிந்தான். அடுத்த வேலைக்கு நான் சயான் என்று சொன்னேன், வேலை கிடைத்தது. பொய் பலிக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இதற்கு முன்னால் அப்பாவும் மறைத்திருக்கிறார். 1960-களில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து தோல் ஷாப்பில் சேர்ந்தவர். 1966-இல் சிவசேனை தொடங்கி, தென்னிந்தியர்கள் கடைமேல் கல் விழுந்த காலத்தில் அவர் வேட்டி கட்டி வெளியே போவதையே விட்டார். ரயிலில் பக்கத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் தமிழ் பேசமாட்டார். இதையெல்லாம் எனக்குச் சாதகமாகச் சொல்லவில்லை. அப்பா மறைத்தது அடிக்குப் பயந்து. என்னை யாரும் அடிக்க வரவில்லை. நான் மரியாதைக்கு ஆசைப்பட்டு மறைத்தேன். அதுவும் என் வாயால் சொல்லாமல் ஒரு குழந்தையின் வாயால் சொல்லவைத்தேன்.

சிஸ்டர்மார் நடத்தும் பெண்கள் பள்ளிதான் வேண்டும் என்று ஏன் நினைத்தேன்? என் அம்மா விடியுமுன் இட்லி அவித்து விற்றவள். பாளையங்கோட்டையில் இக்னேஷியஸ் கான்வென்ட் பிள்ளைகள் ரிப்பன் கட்டிப் போவதைச் சின்ன வயதில் பார்த்து நின்றதை சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் சந்தில் அதிமுக கொடி பறக்காத காலத்திலும் ஜெயலலிதாவின் இங்கிலீஷைப் பற்றிப் பேசாத பெண் கிடையாது. சென்னை சர்ச் பார்க் கான்வென்டில் படித்தவர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அயர்லாந்திலிருந்து 1842-இல் சென்னைக்கு வந்த பிரசன்டேஷன் சபைச் சகோதரிகள் 1909-இல் தொடங்கிய பள்ளி அது. அந்தப் பேச்சு, அந்த நிமிர்வு என் மகளுக்கும் வரவேண்டும் என்ற ஆசையில் குற்றமில்லை. இன்றைக்கும் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன்.

எங்கள் பக்கத்தில் பள்ளிகளுக்கும் குறைவில்லை. மாஹிமில் கனோசா கான்வென்ட், வடாலாவில் ஆக்சிலியம், செம்பூரில் லொரேட்டோவும் செயின்ட் ஆண்டனீஸ் பெண்கள் பள்ளியும். பையன்களுக்கு மாட்டுங்காவில் டான் பாஸ்கோ. தாராவிக்குள்ளேயே காமராஜர் பெயரில் ஓர் ஆங்கிலப் பள்ளி இருக்கிறது. மாநகராட்சியோ மராத்தி, இந்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. நான் எழுதப் படிக்கக் கற்றது அந்த மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில்தான். இந்தக் கட்டுரையை எழுதும் தமிழ் அங்கே கிடைத்தது. மகளுக்குப் பள்ளி தேடியபோது அந்தப் பள்ளி என் கண்ணுக்கு ஒரு நாளும் தெரியவில்லை என்பதும் என் குற்றப்பட்டியலில் சேரவேண்டும்.

ஒரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் தாய் என்ன பார்க்கவேண்டும்? வகுப்பில் எத்தனை பிள்ளைகள், ஆசிரியைகள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள், பின்தங்கும் பிள்ளையை என்ன செய்கிறார்கள், கணக்கை எப்படிச் சொல்லித் தருகிறார்கள். நான் இதில் ஒன்றையும் பார்க்கவில்லை. பள்ளி விடும் நேரத்தில் கேட்டுக்கு எதிரே நின்று, வெளியே வரும் பிள்ளைகளின் ஷூவையும் அவர்களைக் கூட்டிப்போக வந்த அம்மாக்களின் கைப்பையையும் பார்த்தேன். யாருடைய பிள்ளைகளோடு என் மகள் உட்காருவாள் என்பது எனக்குப் பெரிதாக இருந்தது. அவள் என்ன படிப்பாள் என்று கேட்கவே தோன்றவில்லை.

பணத்தைப் பற்றியாவது சரியாக விசாரித்தேனா என்றால் அதுவும் இல்லை. பம்பாயில் பழைய கத்தோலிக்கப் பள்ளிகள் பலவற்றில் மேல்வகுப்பு ஆசிரியர்களுக்கு அரசு மானியத்தில் சம்பளம் வருகிறது. மழலை வகுப்புக்கு மானியம் கிடையாது. முழுக்கவே மானியம் இல்லாமல், பெற்றோர் கட்டும் பணத்திலேயே சம்பளமும் கரண்டு பில்லும் ஓடும் பள்ளிகளும் உண்டு. நான் சேர்த்தது அப்படிப்பட்ட பள்ளியில். மானியம் இல்லாத பள்ளியில் கட்டணச் சலுகை என்பது நிர்வாகம் மனமுவந்து தருவது. அதை அங்கே தரவும் செய்தார்கள். வருமானச் சான்றிதழும் ரேஷன் கார்டு நகலும் கொடுத்தால் பரிசீலிப்போம் என்று வருடா வருடம் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள். என் ரேஷன் கார்டில் தாராவி என்று இருந்தது. அதனால் ஒரு வருடமும் கேட்கவில்லை.

அதற்குப் பதில் சீட்டு எடுத்தோம். என் செயின் அடகுக்குப் போனது, மீட்டோம், மறுபடியும் போனது. என் வீட்டுக்காரர் தையல் ஷாப்பில் பண்டிகைக் காலம் முழுக்க ராத்திரி ஷிப்டும் பார்த்தார். அவர் முதுகுவலி அப்போது வந்தது. ஏன் ஒரு மனு எழுதிக் கேட்கக்கூடாது என்று அவர் கேட்டபோது, சிஸ்டர்மாரிடம் போய் நம்ம வறுமையைச் சொல்லணுமா என்று சண்டை போட்டேன். உண்மையான காரணத்தை அவரிடம் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவருக்கு அது தெரிந்தே இருந்தது.

பள்ளியைப் பற்றி நல்லதைச் சொல்லாவிட்டால் இந்த வாக்குமூலம் பாதிப் பொய்யாகிவிடும். பெண்கள் மட்டும் படிக்கும் இடத்தில் எல்லா வேலையும் பெண்பிள்ளைகளே செய்யவேண்டியிருக்கிறது. விளையாட்டு விழாவுக்குப் பெஞ்சு தூக்குவது, மைக் கட்டுவது, மேடையில் பேசுவது எல்லாமே. என் மகள் பத்து வயதில் ஃபியூஸ் மாற்றக் கற்றுக்கொண்டு வந்தாள். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்புக்குப் போகும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு. எங்கள் மாமியாருக்கு மதம் மாற்றிவிடுவார்களோ என்று பயம் இருந்தது. பேத்தி மரியே வாழ்க சொல்லவும் கற்றாள், வீட்டில் கந்த சஷ்டிக் கவசமும் சொன்னாள், கிழவி சமாதானமாகிவிட்டாள். கணக்கில் தவறினால் மாலையில் நிறுத்தி வைத்துச் சொல்லித்தரும் ஒரு சிஸ்டர் அங்கே இருந்தார். அதற்கு அவர் தனியாக ஒரு காசு வாங்கியதில்லை.

அப்படிப்பட்ட இடத்துக்கு நான் என் மகளை எப்படி அனுப்பினேன்? காலையில் சந்தை விட்டு வெளியே வந்து, லேபர் கேம்ப் வழியாக நடந்து, அக்காவின் குவார்ட்டர்ஸ் வாசலுக்குப் போய் நிற்போம். பள்ளி வேன் அங்கேதான் வரும். மழைக்காலத்தில் ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு செருப்போடு நடத்திக் கூட்டிப்போய், அக்கா வீட்டில் கால் கழுவி ஷூ மாட்டிவிடுவேன். ஷூவில் சேறு இருந்தால் யாராவது எங்கே மிதித்தாய் என்று கேட்டுவிடுவார்களே. அவள் கேட்பாள், ஏம்மா வேன் நம்ம வீட்டுக்கே வராது என்று. வண்டி நுழையாது என்பேன். தொண்ணூறு அடி ரோட்டில் பஸ்ஸே போகிறது. கொஞ்சம் வளர்ந்ததும் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதை நான் புத்தி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

எந்தப் பிறந்தநாளுக்கும் அவள் தோழிகள் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. அவள் போவாள். திரும்பும்போது தோழியின் அம்மா காரில் கொண்டுவந்து விடுவார்கள், மாட்டுங்காவில். அக்கா குடும்பம் ஊருக்குப் போயிருந்த ஒரு ஜூலை மாதம் அப்படித்தான் கொண்டுவந்து விட்டார்கள். பூட்டிய வீடு. மழை. கார் திரும்பிப் போகாமல், பிள்ளை உள்ளே போகட்டும் என்று அந்த அம்மா நல்ல மனதோடு காத்திருக்கிறார். என் மகள் மாடிப்படி ஏறி மேலே போய், படிக்கட்டுச் சுவருக்குப் பின்னால் நின்று, வீட்டுக்குள்ளிருந்து கையசைப்பதுபோல் கையை மட்டும் வெளியே நீட்டி அசைத்திருக்கிறாள். கார் போனதும் இறங்கி நனைந்துகொண்டு வீட்டுக்கு நடந்து வந்தாள். அப்போது ஆறாம் வகுப்பு. இது எனக்கு அன்று தெரியாது. ஏன் இவ்வளவு நேரம் என்று திட்டினேன். அவளும் சொல்லவில்லை. பத்தாவது முடிந்தபிறகுதான் சொன்னாள், ஒரு பேச்சுவாக்கில், கோபமே இல்லாமல். அந்தக் கோபமில்லாமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதைவிட மோசமாக நான் நடந்துகொண்டது 2020-இல். ஏப்ரல் 1-ஆம் தேதி தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே இறந்தும் போனார். எல்லாத் தொலைக்காட்சியிலும் எங்கள் சந்துகள். வகுப்புத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார்: நம் பிள்ளைகள் வகுப்பில் அந்தப் பக்கத்திலிருந்து யாராவது வருகிறார்களா, பள்ளி திறந்தால் என்ன செய்வது. அவரும் பயந்துபோன தாய்தான். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன். ஆளாளுக்குப் பதில் போட்டார்கள், நாங்கள் செம்பூர், நாங்கள் வடாலா, நாங்கள் கிங்ஸ் சர்க்கிள் என்று. எங்கள் சந்தின் வாயை மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். பொதுக் கழிப்பறைக்குப் போகவே பயந்து கிடந்தோம். பக்கத்துக் கோலியில் ஒரு அண்ணனை ஆம்புலன்ஸ் ஏற்றிப் போனது. நான் போனை எடுத்து, நாங்கள் மாட்டுங்கா என்று போட்டேன். யாரும் என்னைப் பேர் சொல்லிக் கேட்கவில்லை. சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருக்கக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. மகள் பக்கத்திலிருந்து அதைப் படித்தாள்.

அந்த ஜூன் மாதம் ஆன்லைன் வகுப்பு தொடங்கியது. நாங்கள் இருப்பது ஒரே அறை, மேலே ஒரு பரண். கேமராவை ஆன் செய்யக்கூடாது என்று கட்டளை போட்டேன். ஆசிரியை முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்கும்போதெல்லாம் நெட்வொர்க் இல்லை என்று எழுதச் சொன்னேன். பேசப் பிடித்த பிள்ளை, பேச்சுப்போட்டியில் கப் வாங்கியவள், அந்த வருடம் முழுக்க ஒரு கறுப்புக் கட்டமாக இருந்தாள். ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ், நோயைக் கட்டுப்படுத்தியதற்கு உதாரணமாகத் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அதே குழுவில் அந்தச் செய்தியைப் போட்டுக் கைதட்டினார்கள். அதைச் செய்தது எங்கள் டாக்டர்களும், வீடு வீடாகப் போன செவிலியர்களும், எங்கள் பையன்களும். ஒரு வரி எழுதிப் பெருமைப்பட எனக்கு வாயில்லை. வாயை நானே அடைத்து வைத்திருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் அவள், பள்ளி நடத்தும் சபையைத் தொடங்கிய தாயைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டாள். எந்தச் சபை என்றால் பள்ளி தெரிந்துவிடும். ஆனால் எங்கள் பக்கத்தில் பள்ளி நடத்தும் சபைகளின் தொடக்கத்தைப் படித்தால் ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லை. வெரோனா நகரத்துப் பிரபு குடும்பத்தில் 1774-இல் பிறந்த மக்தலேனா கனோசா, 1808-இல் அரண்மனையை விட்டு வெளியேறி சான் ஜெனோ என்ற பகுதியில் குடியேறினார், அங்கே இருந்த ஏழைப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த. நகரத்துக் கனவான்கள் கால் வைக்காத இடம் அது. வட இத்தாலியில் மோர்னேசே கிராமத்தில் 1837-இல் பிறந்த மரிய மசரெல்லோ திராட்சைத் தோட்டத்தில் உழைத்தவர். 1860-இல் காய்ச்சலில் கிடந்த உறவினர்களுக்குப் பணிவிடை செய்யப்போய்த் தானும் படுத்து, பிறகு தோட்டவேலைக்குத் தெம்பில்லாமல் தையல் கற்றுக்கொண்டு, ஊர்ப் பெண்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்தார். டான் பாஸ்கோ என்ற பாதிரியாரோடு சேர்ந்து 1872-இல் அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் 1922-இல் இந்தியாவில் முதலில் வந்து இறங்கியது நம் தஞ்சாவூரில்.

பரணில் உட்கார்ந்து மகள் உரக்கச் சொல்லிப் பார்க்கிறாள். கீழே நான் அரிசி களைந்துகொண்டு கேட்கிறேன். ஏழைத் தையல்காரனின் மகள், நோய் வந்த தெருவில் இருந்து, ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒரு சபையைப் பற்றி மனப்பாடம் செய்கிறாள். அந்தச் சபையிடமிருந்து நான் மறைத்தது அவள் அப்படிப்பட்ட பிள்ளை என்பதைத்தான். இத்தனை வருடத்தில் சிஸ்டர்மாரின் பூர்வோத்தரத்தை ஒரு நாளும் நான் கேட்டறியவில்லை. அவர்கள் கட்டிடம் எனக்குத் தெரிந்தது, அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பது தெரியவில்லை.

என் பொய் என் வீட்டோடு நிற்கவில்லை என்று புரிய இன்னும் நாளானது. குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புக்கான தேசிய ஆணையம் 2021-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளில் சுமார் 74 சதவீதம் கிறிஸ்தவர் அல்லாதவர்கள் என்றும், சிறுபான்மைப் பள்ளிகளில் எளிய, பின்தங்கிய குடும்பத்துப் பிள்ளைகள் 9 சதவீதம்கூட இல்லை என்றும் அது சொன்னது. ஆணையத்தின் நோக்கத்தைப் பற்றி அப்போது சூடான விவாதம் நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. அந்த 9 சதவீதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. ஏதாவது ஒரு கணக்கில் என் மகள் எப்படி வந்திருப்பாள்? மாட்டுங்காவில் குவார்ட்டர்ஸில் இருக்கும், சலுகை எதுவும் கேட்காத, கட்டணம் தவறாமல் கட்டும் குடும்பத்துப் பெண். தாராவிப் பிள்ளை ஒருத்தி அங்கே படித்து, மேடையில் பேசிக் கப் வாங்கினாள் என்று எந்த ஏட்டிலும் பதிவில்லை. என்னைப் போல இன்னும் எத்தனை பேர் சயான் என்றும் மாஹிம் என்றும் எழுதிக் கொடுத்திருப்பார்கள்? தாராவியிலிருந்து பிள்ளைகள் வருகிறார்கள் என்று பள்ளிக்குத் தெரிந்திருந்தால் வேன் வந்திருக்கலாம், சலுகை கூடியிருக்கலாம், அந்தக் கொரோனா வருடத்தில் கேமராவைப் போடு என்று வற்புறுத்தாமல் இருந்திருக்கலாம். செய்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்லமாட்டேன். செய்வதற்கான வாய்ப்பை நான் கொடுக்கவில்லை, அவ்வளவு நிச்சயம்.

2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை அதானி குழுமம் எடுத்தது. 2024-இல் வீடு வீடாகக் கணக்கெடுக்க ஆட்கள் வந்து, ஒவ்வொரு கதவிலும் ஒரு எண்ணை எழுதினார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருந்ததற்குச் சான்று காட்டினால்தான் தாராவிக்குள்ளேயே இலவச வீடு. இல்லாதவர்களுக்கு வேறெங்கோ. டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்து அப்பாவின் ரேஷன் கார்டு, பழைய லைட் பில், என் மாநகராட்சிப் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்தேன். தாராவிக்காரி, தாராவிக்காரி என்று ஒவ்வொரு காகிதமாகக் காட்டினேன். மகள் அந்தக் காகிதங்களை வரிசையாக அடுக்கித் தந்துகொண்டிருந்தாள். வந்தவர்கள் போனபிறகு, "என்னோட பேப்பர் ஒண்ணுல கூட இந்த வீடு இல்லையேம்மா" என்றாள். ஆதார் கார்டைக்கூட அக்கா வீட்டு முகவரியில்தான் எடுத்திருந்தேன், பள்ளியில் கேட்பார்கள் என்று.

அன்று ராத்திரி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் பதில் சொல்ல ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். பள்ளி பிடித்திருந்தது என்றாள். தோழிகளையும் பிடித்திருந்தது. ஆனால் ஒருத்திக்கும் முழுசாகத் தோழியாக இருந்ததில்லை, ஏதாவது உளறிவிடுவோமோ என்று எப்போதும் ஒரு காவல் இருந்தது என்றாள். இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆங்கிலமும் இந்தியும் மராத்தியும் படித்த அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று வீட்டிலும் சொல்லித்தராமல் விட்டது நான். கேட்டு முடித்து, ஒன்றைச் சேர்க்கச் சொன்னாள். "நான் உங்கிட்டயும் பொய் சொல்லியிருக்கேம்மா. மார்க்ல, ட்யூஷன்ல, எங்க போறேங்கறதுல. எனக்கு ஈஸியா வரும். அதையும் எழுது." எழுதிவிட்டேன்.

இந்த வருடம் எதிர்க் கோலியில் இருக்கும் பெண் வந்தாள். விக்கிரமசிங்கபுரத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள், மூன்றரை வயதுப் பெண் குழந்தை. பக்கத்துப் பாலவாடியில், மழலைப் பள்ளியில், விட்டிருக்கிறாள். "யக்கா, ஒங்க அத்தான் வீட்டு கேஸ் புக்கு நகல் ஒண்ணு கெடைக்குமா? ஒங்க பொண்ணச் சேத்த மாரியே சேக்கணும்" என்றாள். சந்து முழுக்க அது தெரிந்திருக்கிறது. நான்தான் வழிகாட்டி. தரமாட்டேன் என்றேன். காரணத்தைச் சொன்னேன், இங்கே எழுதியதில் பாதியைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. "ஒங்க பொண்ணு படிச்சு முடிச்சாச்சு. இப்ப எங்களுக்கு நியாயம் சொல்ல வந்துட்டிய" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னதில் தப்பில்லை. என் மகளுக்குக் கிடைத்தது அவள் மகளுக்கு உண்மையைச் சொன்னால் கிடைக்கும் என்று நான் உத்தரவாதம் தரமுடியாது. ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் ஒதுக்கும் கல்வி உரிமைச் சட்டமும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்சநீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. 2025-இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகம் எழுப்பிப் பெரிய அமர்வின் பார்வைக்கு விட்டிருக்கிறது. அதற்குள் இந்தக் குழந்தைக்குப் பள்ளி வயது கடந்துவிடும்.

மூன்று நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு நானே போய், வா, சேர்ந்து போவோம் என்றேன். சட்டம் கட்டாயப்படுத்தாததைப் பள்ளியிடம் கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை என்றேன். அரை மனதோடு வந்தாள். நான் அன்று கேட்காமல் விட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டோம். மானியம் உண்டா இல்லையா, எந்த வகுப்பிலிருந்து உண்டு, கட்டணச் சலுகைக்கு யாரிடம் எழுதவேண்டும், வேன் தாராவிக்குள் வருமா, வீட்டில் ஆங்கிலம் இல்லாத பிள்ளைக்கு முதல் வருடம் என்ன உதவி, அம்மாவோடு தமிழில் பேசும் பிள்ளையைத் திருத்துவார்களா. சிஸ்டர் ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். சிலவற்றுக்கு இல்லை என்றார். வேனைப் பற்றிக் கேட்டபோது, அங்கிருந்து எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்று திருப்பிக் கேட்டார். தெரியவில்லை, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது சந்து சந்தாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சிலர் சொல்கிறார்கள், சிலர் கதவைச் சாத்துகிறார்கள்.

விண்ணப்பத்தில் முகவரியை அவளே நிரப்பினாள். பின்கோடு 400017. கூடவே ரேஷன் கார்டு நகல், வருமானச் சான்றிதழ், சலுகை கேட்டு ஒரு மனு. மனுவை என் மகள் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தாள். பட்டியல் இன்னும் வரவில்லை.